மலைக்கு ஏற்ற லென்ஸ்

செம்போத்துமலை ஈஞ்சம்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஊரே இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில். அதுவரை கிழக்கே, மஞ்சள் காடும் சோளக்காடும் கரும்புக்காடும் தாண்டி, கந்தவேல் ஓட்டும் டவுன் பஸ் பெருமூச்சு விட்டுப் போய்ச் சேரும் தொலைவில், தண்ணீரில் நீலம் கரைத்தாற்போல நின்றிருந்த மலை, துளசிமணி தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து புது லென்ஸை அதன்மேல் திருப்பிப் பொத்தானை அழுத்தியதும், சத்தமில்லாமல், தூசி கிளப்பாமல், நின்ற வாக்கிலேயே புறப்பட்டு வந்து சந்தைப்பேட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

அடுப்படியில் வெளிச்சம் குறைந்ததைப் பார்த்த பெண்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அரைப்பதைத் தொடர்ந்தார்கள். சந்தைப்பேட்டைக் காவல்காரர் எழுந்து போய், மலையோரம் மாட்டிக்கொண்ட எருமையை அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினார். நடுவிலிருந்த காடுகளெல்லாம் புடவைக் கொசுவம்போல ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துகொண்டன. மடிப்புக்குள் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சால்கூடக் குறையவில்லை, பக்கத்துக் காட்டுக்காரன் பேசுவது மட்டும் கொஞ்சம் காதருகில் கேட்டது. சங்கடம் கந்தவேலுக்குத்தான். ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்து இரண்டாவது கியர் போடுவதற்குள் மலையடிவாரம் வந்துவிட்டது. டிக்கெட் கிழிக்கக்கூட நேரமில்லை என்று கண்டக்டர் குறைப்பட்டுக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கந்தவேல் கை கழுவிக்கொண்டே மனைவி துளசிமணியைக் கேட்டார்.

"நீ எடுத்த போட்டோதானா?"

"ஆமாங்க."

"சொல்லிட்டுச் செஞ்சிருந்தா வண்டிக்கு டீசல் போட்டிருக்க மாட்டேனே," என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

துளசிமணிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிடுவது அவள் வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத்துணியின் நிறமும் இங்கே தோய்த்து எடுத்த நூலின் நிறமும் ஒன்றுதானா என்று மிஷின் சொன்ன பிறகும், துளசிமணி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் லாரி கிளம்பும். மகளைக் கட்டிக்கொடுத்து வீடு அமைதியான பிறகு, தனக்கென்று ஒன்று வேண்டும் என்று காமிரா வாங்கினாள். அதோடு வந்த சிறிய லென்ஸ் மனிதக் கண் பார்க்கிற அளவே பார்க்கும். அதை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் நூல் காயும் களத்தையும், சந்தைக்கு வரும் மாட்டின் கொம்பையும், கந்தவேல் முகம் சவரம் செய்வதையும் எடுத்தாள், எதுவும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் எந்தச் சாயத்திலும் பிடிபடாத செம்போத்துமலையின் நீலம் அவளைப் படுத்தியது. அதைக் கிட்டத்தில் பார்த்தே ஆகவேண்டும் என்று, ஸ்டூடியோ லோகநாதன் கைமாற்றிவிடக் காத்திருந்த நீளமான ஜூம் லென்ஸை, சரியாகச் சோதித்துப் பார்க்காமல், ஆசையில் வாங்கிவிட்டாள். "எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதுங்க்கா," என்றான் லோகநாதன். புது ஜூம் லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்: வளையத்தை எவ்வளவு திருகமுடியுமோ அவ்வளவு திருகி, சிகரத்தை நட்டநடுவில் வைத்து எடுத்தாள். மலையும் அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது.

ஊர் மலைக்குப் பழகிக்கொண்டது. சூரியன் தாமதமாக வந்ததால் சேவல்கள் தாமதமாகக் கூவின, பள்ளிக்கூடத்து மணியும் அதற்கேற்பத் தள்ளிப்போனது. குரங்குகள் வந்தன, கூரைக்கு முள் போட்டார்கள். மொட்டை மாடியில் வடகம் காயவைப்பவர்கள் மேற்குத்தெருச் சொந்தக்காரர்களுடன் ராசியானார்கள். பங்குனியில் சிகரத்துக் கோயிலில் பொங்கல் வைக்க மலையேறுகிறவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஏறத் தொடங்கினார்கள், வெள்ளிக்கிழமை ஏறியவர்கள் வேலையில்லாத நாளெல்லாம் ஏறினார்கள். மலைமேல் உச்சிப்பட்டி என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் மூங்கிலில் தூளி கட்டிச் சுமந்து இறங்கி, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் பாதிப் பிள்ளைகள் வழியிலேயே பிறந்தன, சில பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டன. இப்போது ஆஸ்பத்திரி மலையின் காலடியில் இருந்தது. நர்ஸ் செபஸ்தியம்மாள் உச்சிப்பட்டிப் பெண்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிவிட்டார்.

ஐப்பசி மழை விட்ட பிறகுதான் குறை தெரிந்தது. மலையின் நடுப்பாகம் கண்ணாடிபோலத் துல்லியமாக இருந்தது; ஓரத்துக்குப் போகப்போக மங்கியது. ஓரத்துப் பாறைகள் வெண்ணெயில் பிடித்துவைத்ததுபோலக் குழைந்திருந்தன. ஓரத்துக் காட்டில் மேய்ந்த ஆடுகளைச் சுற்றி மெல்லிய ஊதாக் கோடு ஓடியது. அங்கிருந்து சந்தைக்கு வந்த நெல்லிக்காய்க்கு உருவம் நிற்கவில்லை. ருசியில் குறையில்லை என்பதால் ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள்.

ஒருநாள் பட்டறை ஜன்னலோரம் துளசிமணி நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மலைக்காரப் பெண் வந்து நின்றாள். வயிறு தெரிகிற கர்ப்பிணி. முகம் தெளிவாக இருந்தது, தோளுக்குக் கீழே கைகள் போகப்போக நீரில் கரைந்த மாவுபோல ஆகி, விரல்கள் எங்கே முடிகின்றன என்றே சொல்ல முடியவில்லை. வளையல்களைச் சுற்றி ஊதா நிறம்.

"நீதான் எங்களை இழுத்துட்டு வந்தவளா?" என்று அவள் கேட்டாள். மலைக்காரர்கள் கலெக்டரையும் நீ என்றுதான் சொல்வார்கள்.

"நான்தான். உட்காரு கண்ணு. பேரென்ன?"

"பொம்மி. எங்க வீடு உச்சிப்பட்டியில கடேசி வீடு." அவள் உட்காரவில்லை. "ராகியில கல்லுப் பொறுக்க முடியல. எது கல்லு, எது விரலுன்னு தெரியல. அதுகூடப் போகட்டும். வயித்துக்குள்ள புள்ள ஒதைக்கிறது பஞ்சுக்குள்ள இருந்து ஒதைக்கிற மாதிரி இருக்குது. புள்ளையும் இப்படியே கலைஞ்சுதான் வருமா?"

துளசிமணி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடு இருந்தது, நாடி இருந்தது, ஓரம் இல்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, புரிந்ததும் வெட்கமாகவும் இருந்தது. மட்டமான ஜூம் லென்ஸ், முழு நீளத்துக்கு இழுத்தால், நடுவை மட்டும் கவனித்து ஓரத்தைக் கைவிட்டுவிடும். சிகரத்தை நடுவில் வைத்தவள் அவள். ஓரத்தில் யார் வீடு இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

"வராது," என்றாள். "நல்ல லென்ஸாப் பாத்து மறுபடியும் எடுக்கறேன். உன் நகத்துல இருக்கற வரிகூட எண்ணிப் பாக்கற மாதிரி வரும்."

"இந்தவாட்டியாவது கேட்டுட்டு எடு," என்றாள் பொம்மி. "போனவாட்டி எங்ககிட்ட யாரும் கேக்கல."

மறுபடி எடுப்பது சுலபமில்லை. இருக்கிற இடத்திலேயே எடுத்தால் மலை இன்னும் கிட்டத்தில் வந்து ஊர்மேலேயே உட்கார்ந்துவிடும். முதலில் பரந்த பார்வை உள்ள வைடு லென்ஸால் எடுத்து மலையைப் பழைய இடத்துக்கு அனுப்பவேண்டும், பிறகு நல்ல லென்ஸால் திரும்ப அழைக்கவேண்டும். செய்தி பரவியதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். லோகநாதன் வந்து, "லென்ஸுல ஒண்ணும் குத்தமில்லீங்க்கா, காமிராவ மாத்துங்க, இப்ப வர்றதுல பிக்ஸல் புள்ளி ஜாஸ்தி," என்றான். "கண்ணு கெட்டவனுக்குப் பெரிய நோட்டு வாங்கிக் குடுத்தா எழுத்து நல்லா வந்துருமா தம்பி?" என்று கேட்டுவிட்டு துளசிமணி பால் காய்ச்சப் போனாள்.

அடுத்து வந்தவர் நூல்மில் சென்னியப்பன். அவருடைய நூல் காயும் களம் முழுக்க மலை நிழலில் கிடந்தது, கார்த்திகை முழுதும் நூல் ஈரமாகவே நாறியது. கெட்டவர் அல்ல; வெயில் வேண்டும் என்பவர், அவ்வளவுதான். கையோடு ஒரு புது வைடு லென்ஸைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்.

"மாப்பிள்ளை சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது, அம்மிணி. இத வெச்சு மலையத் தள்ளி உட்டுரு. அப்புறம் கூப்பிடறதப் பத்தி மெதுவாப் பேசிக்கலாம்."

துளசிமணி அதைக் காமிராவில் பொருத்தி, பொத்தானைத் தொடாமல், எதிர்வீட்டுச் சுவரை மட்டும் பார்த்தாள். நேரான சுவர் பீப்பாய்போல வயிறு தள்ளியது.

"இதுல எடுத்தா மலை வில்லாட்டம் வளைஞ்சு போகுமுங்கண்ணா. பாறையெல்லாம் உருண்டு வந்துரும்."

"கொஞ்சம் வளைஞ்சா என்ன?"

"உங்க களத்து மேலதான் உருளும்."

சென்னியப்பன் லென்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "அப்ப நீயே நல்லதாப் பாத்து வாங்கு. ஆனா ஒண்ணு. மலை ஒருக்காப் போயிருச்சுன்னா, திரும்பி வரோணுமான்னு ஊர் கூடித்தான் சொல்லும்."

"ஊரக் கேக்கறதுக்கு முன்னாடி மலையக் கேக்கோணுமுங்க," என்றாள் துளசிமணி.

அந்த வாரமே கணவனும் மனைவியும் உச்சிப்பட்டிக்கு ஏறினார்கள். பலாமரத்தடியில் ஊர் கூடியது. நடுவீட்டுக்காரர்கள் துல்லியமாகவும் ஓரவீட்டுக்காரர்கள் மங்கலாகவும் உட்கார்ந்தார்கள். இருக்கிற தூரம் பிடித்திருக்கிறதா என்று துளசிமணி கேட்டதும், கேள்விக்காகவே காத்திருந்ததுபோல ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது நல்லது. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பது நல்லது. சாராயக்கடை பக்கத்தில் இருப்பது நல்லதில்லை. கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி வந்த நாளிலிருந்து தேனீ அடை வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் காற்று வாங்க வந்து பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பிள்ளைகளின் காலில் குத்துகிறது. பழைய தூரத்துக்கே போய்விடலாம் என்று பொம்மியின் கணவன் ஜடையன் சொன்னான். பழைய தூரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் பொம்மிதான் சொன்னாள். "கூப்பிட்டா கேக்கணும். குசுகுசுன்னு பேசினா கேக்கக் கூடாது. அந்தத் தூரத்துல வை."

எல்லோரும் அதுதான் என்றார்கள். துளசிமணி இறங்கி வரும்போது வழிநெடுக அந்தத் தூரத்தை மனதில் அளந்துகொண்டே வந்தாள். இழுத்து மடியில் போட்டுக்கொள்கிற நீள லென்ஸும் இல்லை, தள்ளிவைக்கிற வைடும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், முகம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தேடுகிற, ஜூம் இல்லாத, ஒரே தூரத்தைச் சத்தியம்போலப் பிடித்து நிற்கிற நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ்.

கோயம்புத்தூரில் மரக்கடை வீதிக்குப் பின்னால் ஹனீபா பாயின் கடை. கழுத்தில் ஒரு துடைக்கிற துணி, கையில் ஒரு சின்ன டார்ச். வந்தவர்களின் கண்ணைப் பார்த்தே என்ன லென்ஸ் கேட்பார்கள் என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "மலைக்கா, மனுசங்களுக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"மலைமேல இருக்கற மனுசங்களுக்கு."

அவர் கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலாவது பளபளவென்ற ஜூம், கிட்டத்தில் இருந்து எட்டம்வரை எல்லாம் பார்க்கும். துளசிமணி அதைக் கையில்கூட எடுக்கவில்லை. ஆனைக்கும் பூனைக்கும் ஒரே சட்டை தைத்தால் இரண்டுக்கும் சேராது. இரண்டாவது பேர்பெற்றது, கனமானது, பார்த்தவுடன் ஆசை வருவது. டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தாள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல மெல்லியதாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. "உச்சிப்பட்டியில ஏற்கனவே பனி ஜாஸ்தி," என்று சொல்லித் திருப்பி வைத்தாள். மூன்றாவது கறுப்பாக, குட்டையாக, பேர்கூடப் பாதி தேய்ந்து, யாரும் திரும்பிப் பார்க்காத அழகில் இருந்தது. வளையத்தைத் திருகினாள், நெய்யில் விரல் ஓட்டினாற்போல, எங்கும் தளராமல், எங்கும் சிக்காமல் நகர்ந்தது. உள்ளே கண்ணாடி கிணற்று நீர்போலச் சுத்தமாக இருந்தது.

அவசரப்பட்டு ஒருமுறை பட்டாயிற்று என்று இந்தமுறை அவள் நிதானமாக இருந்தாள். வாசலில் வந்து நின்று வேப்பங்கொழுந்தை வானத்துக்கு எதிராக வைத்துப் பார்த்தாள். ஊதா எங்கும் கசியவில்லை. சூரியனை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் கொஞ்சம் கலங்கியது, கையால் மறைத்ததும் தெளிந்தது. "நிழல் கொடுத்தாப் போதும்," என்றார் பாய். ஓரம் கூராக வருகிறதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே எதிர்ச்சாரியில் இருந்த தையற்கடையை நோக்கிப் பொத்தானை அழுத்தினாள். தையற்கடை தெருவைத் தாண்டி வந்து ஹனீபா பாயின் படிக்குப் பக்கத்தில் நின்றது. தையற்காரர் பெடலிலிருந்து காலை எடுக்காமல், "பாய், மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு, மாமு."

துளசிமணி குனிந்து பார்த்தாள். நடுவில் தையற்காரர் தெளிவாக இருந்தார். அதில் அவளுக்கு அக்கறை இல்லை. கடையின் ஓரத்துக்குப் போய், மூலையில் தொங்கிய பொத்தான் அட்டையைப் பார்த்தாள். ஒவ்வொரு பொத்தானிலும் துளைகள் தனித்தனியாகத் தெரிந்தன, ஒரு பொத்தானில் விரிசல்கூடத் தெரிந்தது. அவள் மனதுக்குள் ஏதோ சமாதானமாக உட்கார்ந்தது. பிறகு பாய் கொடுத்த வைடு லென்ஸ்களில் ஒன்றை, கோடுகள் கோடாகவே நிற்கின்றனவா என்று கடைப்பலகையை வைத்துச் சோதித்து, அதால் தையற்கடையை மறுபடி எடுத்தாள். தையற்கடை கோணாமல் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. தையற்காரர் அங்கிருந்தும் தைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் கொடுங்க பாய்," என்றாள். பேரம் பேசவில்லை. கூட வந்திருந்த கந்தவேல் ஜூம் லென்ஸைக் காட்டி, அது பளபளவென்று இருக்கிறதே என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

மார்கழியில் நல்ல நாள் பார்த்தார்கள். பொம்மி கீழே ஈஞ்சம்பாளையத்திலேயே தங்கவேண்டும் என்று செபஸ்தியம்மாள் வற்புறுத்தினார். ஆனால் மங்கலாக வந்தவர்கள் தங்கள் இடத்தில் இருந்தால்தான் மறுபடி கூராக எடுக்க முடியும். பேறுகாலத்துக்கு நாள் இருக்கிறது என்று நர்ஸே சொன்னதால் அவள் மலைமேல் போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று கந்தவேல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு மலையின் பழைய அடிவாரத்துக்கு முன்கூட்டியே போய் நின்றார். காலையில் துளசிமணி மொட்டை மாடியில் முக்காலியை ஊன்றி, வைடு லென்ஸால் எடுத்தாள். மடிந்திருந்த காடுகள் ஒவ்வொன்றாக விரிந்தன, மலை வளையாமல், ஒரு கல் உருளாமல், கிழக்கே தன் பழைய இடத்தில் போய் நின்றது. சென்னியப்பனின் களத்தில் பொன்போல வெயில் விழுந்தது. அவர் குடையோடு மாடிக்கு வந்துவிட்டார், வெயிலைப் பார்த்துச் சிரித்தார்.

துளசிமணி லென்ஸை மாற்றித் தலை நிமிர்வதற்குள் பனி சூழ்ந்தது. மலையடிவாரத்திலிருந்து கிளம்பி, மலையை முழுசாக விழுங்கி, பால்போல நின்றுவிட்டது.

"உட்டுரு அம்மிணி," என்றார் சென்னியப்பன், கோபமில்லாமல். "பனிக்குள்ள கண்ணாடி என்ன செய்யும்? ஊர் கூடி யோசிப்போம். அதது அததோட எடத்துல இருக்கறதுதான் அழகு."

மாடியில் நின்றிருந்தவர்களில் சிலர் அவர் சொல்வது சரி என்றார்கள். அவளுடைய செல்போன் அடித்தது. கந்தவேல்.

"துளசி, மேல இருந்து ஒரு பையன் ஓடியாந்தான். பொம்மிக்கு வலி கண்டிருச்சாம். தூளி கட்டி எறக்கறாங்களாம், பாதி வழிகூட வரல. பனியில கால் வெக்க முடியலங்கறான். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் எவ்வளவு வேகமா ஓட்டினாலும்..." அவர் முடிக்கவில்லை. ஓட்டுநருக்குத் தன் வண்டியின் வேகம் தெரியும்.

அவள் போனைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். சத்தமாகப் பேசிய குரல் எல்லோருக்கும் கேட்டிருந்தது. பனிக்குள் அழுத்தினால் மலை பனியோடு வரும்; பொம்மி கை மட்டுமில்லை, முகமும் கலைந்து வருவாள், பிள்ளையும் அப்படியே. அழுத்தாமல் இருந்தால் வழியிலேயே முடிந்துவிடலாம். அவள் காமிராவில் கண்ணைப் பதித்து நின்றாள். பட்டறையில் நூலும் துண்டுத்துணியும் ஒன்றுபோலத் தோன்றுகிற வரைக்கும் அவசரப்படாமல் நிற்கிற அதே நிற்றல்தான்.

பனி கலைந்தது, முழுக்க இல்லை, கோவில் திரையை யாரோ ஒரு ஓரத்தில் ஒதுக்கினாற்போல. முதலில் சிகரம் தெரிந்தது, வெயில் பட்டு, வாழ்நாளில் அவள் பார்த்திராத நீலத்தில், எந்தச் சாயப்பட்டறையும் தொடமுடியாத அந்த நீலத்தில். "எடு எடு," என்றான் மாடியில் நின்றிருந்த லோகநாதன். துளசிமணி சிகரத்தைப் பார்த்தாள், ஒருகணம் முழுசாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு காமிராவைக் கீழே, இடதுபக்கம், பாதை இறங்குகிற சரிவுக்குத் திருப்பினாள். அங்கே பனியின் விளிம்பில், எறும்பு வரிசைபோல ஆட்கள், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. தூளி. அதை நட்டநடுவில் வைத்தாள். மேலே உச்சிப்பட்டியின் கடைசி வீடும், கீழே பாதையும், சுமக்கிறவர்கள் எல்லோரும் கட்டத்துக்குள் வரவேண்டும் என்று காமிராவைச் செங்குத்தாகத் திருப்பிக்கொண்டாள். சிகரம் கட்டத்தைவிட்டு வெளியே போனது.

அப்போது மலைக்குமேல் நின்ற சூரியன் நேராக லென்ஸுக்குள் பாய்ந்தது. எல்லாம் கலங்கி வெளுத்தது.

"நிழல்," என்றாள் கண்ணை எடுக்காமல். "யாராவது நிழல் கொடுங்க."

பக்கத்தில் நின்றவர் சென்னியப்பன்தான். அவர் ஒருமுறை தன் களத்து வெயிலைப் பார்த்தார், பிறகு குடையை விரித்து, கையை எட்டி, லென்ஸுக்குமேல் பிடித்தார். கலக்கம் தெளிந்தது. துளசிமணி வளையத்தை ஒரு மயிரிழை நகர்த்தினாள், வெள்ளைத் துணியின் இழை தெரிந்தது, அழுத்தினாள்.

மலை வந்தது. இந்தமுறை சந்தைப்பேட்டை வரைக்கும் வரவில்லை. சோளக்காட்டுக்கும் மஞ்சள் காட்டுக்கும் நடுவில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வெயில் களத்தைத் தொடுகிற இடைவெளி விட்டு நின்றது. கந்தவேலின் பஸ் அதோடு சேர்ந்து வந்திருந்தது, என்ஜினைக்கூட அணைத்திருக்கவில்லை. செபஸ்தியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். தூளிக்காரர்கள் பாதையின் கடைசி வளைவை இறங்கி, பஸ்ஸில் ஏற்றி, பஸ் கிளம்பி, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே பொம்மி தன் கைகளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன, ஒவ்வொன்றின் ஓரமும் இருந்தது, நகத்தில் வரிகள் இருந்தன. வலியோடு வலியாகச் சிரித்தாள்.

பெண் குழந்தை. செபஸ்தியம்மாள் அதைத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், காதின் மடிப்பு முதல் கால் சுண்டுவிரல் நகம்வரை செதுக்கினதுபோல இருந்தது. அது அழுத சத்தம் மலைவரை கேட்டது. மலையிலிருந்து குலவை திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் ஊர் நிமிர்ந்து மலையைப் பார்த்தது. மலைக்குச் சிகரம் இல்லை. உச்சிப்பட்டிக்கு மேலே வலதுபக்கம் வகிர்ந்தெடுத்ததுபோல வானம் தெரிந்தது. வெகுதூரத்தில், தொடுவானத்தில், பழைய இடத்தில், செம்போத்துமலையின் சிகரம் மட்டும் கோயிலோடு தனியாக, கவிழ்த்த கிண்ணம்போல நீலமாக உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் இங்கேயும் அங்கேயும் மாறி மாறிப் பார்த்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டார், பஸ் இருக்கிறதே என்று இன்னொருவர் சொன்னார், கந்தவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு நேரம் கணக்குப் போட்டார். லோகநாதனுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்த துளசிமணியிடம் வந்தான்.

"என்னங்க்கா இப்படிப் பண்ணிட்டீங்க. மலைன்னா சிகரம்தானே போட்டோ. அத வெட்டிட்டீங்களே."

"வெட்டல தம்பி. அங்கயேதான் இருக்குது," என்றாள் துளசிமணி, லென்ஸை மூடியபடி. "வேணுங்கறவங்க நடந்து போய்ப் பாத்துக்கட்டும்."

பிறகு செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, குழந்தையைப் பார்க்க உள்ளே போனாள்.